காசு உறைந்த கதை

என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்களிலேயே பெரிய பொய்யின் மதிப்பு மூன்று வெள்ளி (மலாயாவில் நூறு காசு ஒரு வெள்ளி). இது ஒரு பொய்யா என்று நீங்கள் கேட்கலாம். அதைக் காப்பாற்ற ஒரு தபாலாபீஸ், ஒரு போலீஸ்காரர், ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரி மூன்றும் ஒரு மாதம் வேலை செய்ய வேண்டியிருந்தது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. ஜொகூரில் பெக்கோக் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் ஸ்டோரில் வேலை. மரம் வெட்டுகிறவர்கள் பட்டையைச் சீவிக் கொண்டுவரும் ரப்பர்ப் பாலை வடிகட்டித் தட்டுகளில் ஊற்றுவேன். ஆசிட் கலந்து கலக்கிவிட்டால் பால் தயிர்போல உறையும். அதை உருளையில் கொடுத்து நசுக்கினால் ஷீட். தினமும் இதையே செய்ததால் எனக்குப் பெரிய விஞ்ஞானி என்ற நினைப்பு (சம்பளம் அப்படிச் சொல்லவில்லை).

தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர் மாணிக்கம் இருந்தார். புண்ணுக்குக் கட்டுப் போடுவது, ஊசி போடுவது, பல் பிடுங்குவது எல்லாம் அவர்தான். டாக்டர் மாதம் ஒருமுறை வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுக் கோழிக்கறி சாப்பிட்டுப் போவார். டிரசருடைய மகள் பாக்கியம். ஆஸ்பத்திரிக்குப் பின்னால்தான் அவர்கள் வீடு. ஒருமுறை விரலில் கட்டுப் போடப் போனபோது அவள் வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். அதற்குப் பிறகு எனக்கு அடிக்கடி விரல் அறுபட ஆரம்பித்தது.

நாலாவது கட்டின்போது டிரசர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“ஏம்பா ஆறுமுகம், கத்தியே புடிக்காத வேலையில உனக்கு மட்டும் எப்படிப்பா வாரம் ஒரு விரல் அறுபடுது?”

நான் தரையைப் பார்த்தேன். அவர் உள்ளே பார்த்தார். வெந்நீர்ச் சட்டி வைக்கும் சத்தம் நின்றது.

“சரி, நேரா கேக்கறேன். கையில என்ன வச்சிருக்கே?”

“அம்பது வெள்ளி சேத்து வச்சிருக்கேங்கய்யா.”

நான் வைத்திருந்தது நாற்பத்தேழு வெள்ளி. நாற்பத்தேழு என்பது வாயில் வந்தால் ஏதோ கடனை நினைவுபடுத்துகிற மாதிரி இருக்கிறது. ஐம்பது என்றால் ஆள் நிமிர்ந்து நிற்கிற மாதிரி இருக்கிறது. அதனால் ஐம்பது.

“வாயால சொன்னா ஆச்சா? டவுன் தபாலாபீசுல சேமிப்புப் புஸ்தகம் தர்றாங்க. வியாழக்கிழமை கொண்டுபோய்ப் போடு. நானும் வர்றேன். புஸ்தகத்துல அம்பதுன்னு பாத்தப்புறம் மேல பேசலாம்.”

மூன்று வெள்ளி கடன் கேட்டுத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு லயம் போனேன். சம்பளத்துக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. ரப்பர் விலை படுத்துக் கிடந்த காலம் வேறு. என்னைக் கண்டதும் எல்லோருக்கும் வயிற்று வலி வந்தது. கடைசியில், வழியில் மூன்று வெள்ளி விழுந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு துணைப் பொய்யைத் தயார் செய்து வைத்தேன்.

இன்னொரு சிக்கல் இருந்தது. என் சேமிப்பு முழுக்கச் சில்லறை. ஐந்து காசு, பத்துக் காசு, கொஞ்சம் சதுர ஒரு காசு என்று ஐந்நூறு நாணயத்துக்கு மேலே. பிஸ்கட் டின்னில் போட்டுக் கட்டிலுக்கடியில் புதைத்திருந்தேன். தோண்டி எடுத்தபோது பாதி பச்சை, பாதி கறுப்பு. தபாலாபீஸ் கிராணி, அதாவது குமாஸ்தா, பொன்னம்பலம் யாழ்ப்பாணத்துக்காரர், படு கறார், அழுக்குக் காசைத் திருப்பி வீசிவிடுவார் என்று கங்காணி பயமுறுத்தியிருந்தார். வேறு யாராக இருந்தாலும் புளி போட்டுத் தேய்த்திருப்பார்கள். நான்தான் விஞ்ஞானி ஆயிற்றே. ஸ்டோரில் ஆசிட் இருக்கும்போது புளி எதற்கு?

வியாழக்கிழமை காலையில் ஒரு பால் தட்டில் காசைக் கொட்டினேன். நன்றாக மின்னட்டும் என்று வழக்கத்தைவிட மூன்று மடங்கு ஆசிட் விட்டுத் தண்ணீர் ஊற்றி, மற்றத் தட்டுகளின் வரிசையில் கடைசியாக வைத்தேன். (எங்கே வைத்தேன் என்று மறுபடியும் படியுங்கள். நான் எவ்வளவு பெரிய மடையன் என்பது அந்த ஒரு வரியில் இருக்கிறது.)

பத்து மணிக்குப் பால் வந்தது. வாளியைத் தூக்கி ஊற்றத் தொடங்கினேன். கை ஊற்றிக்கொண்டிருந்தது. மனம் கல்யாணப் பந்தலில் உட்கார்ந்திருந்தது. முதல் தட்டு, இரண்டாவது தட்டு என்று பத்துத் தட்டும் முடிந்து பதினோராவதிலும் ஊற்றி, துடுப்பை விட்டுக் கலக்கினேன். அடியில் கலகலவென்று சத்தம் கேட்டது. பாலுக்கு அந்தச் சத்தம் கிடையாது.

இரண்டு கையையும் உள்ளே விட்டேன். மூன்று மடங்கு ஆசிட் அல்லவா, அதற்குள்ளேயே பிடித்துக்கொண்டிருந்தது. கையை வெளியே எடுத்தபோது வெள்ளைக் கையுறை மாட்டினதுபோல இருந்தது. அதில் நாலு பத்துக் காசு ஒட்டிக்கொண்டு என்னைப் பார்த்தன. அந்த நேரம் பார்த்து வெளியே டிரசரின் மாட்டு வண்டி வந்து நின்றது.

“ஆறுமுகம்! கிளம்பலாமா? ஒரு மணிக்கெல்லாம் சாத்திடுவாங்கப்பா. நாளைக்கு வெள்ளிக்கிழமை, தொறக்க மாட்டாங்க!”

பதறின மூளைக்கு ஒரு யோசனைதான் வந்தது. உருளையில் கொடுத்து நசுக்கினால் ரப்பர் ஒரு பக்கமும் காசு ஒரு பக்கமும் வந்துவிடும் என்று நினைத்தேன். கொடுத்தேன். உருளை முக்கி முனகி, அழகான ஒரு ஷீட்டைத் துப்பியது. அதில் என் சேமிப்பு முழுவதும் அடையில் தேங்காய்ச் சில் மாதிரி பதிந்திருந்தது. சுருட்டி, வேட்டியில் கட்டி, தோளில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினேன்.

டிரசர் மூட்டையைத் தூக்கிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். கொஞ்ச தூரம் போனதும் அவர் முழங்காலில் சொட்டுச் சொட்டாக நீர் விழுந்தது.

“ஏம்பா, காசு ஒழுகுது?”

“வேர்வைங்கய்யா. ஒழைச்ச காசு.”

அவர் முழங்காலை மெல்ல நகர்த்திக்கொண்டார்.

தபாலாபீசில் சேமிப்புக்கு என்று ஒரு கம்பி ஜன்னல். அதற்குப் பின்னால் பொன்னம்பலம் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மணி பன்னிரண்டரை.

“எவ்வளவு போடுறீர்?”

“அம்பது வெள்ளிங்க.”

“மேசையில வையும்.”

பிரித்து விரித்தேன். ஷீட் மேசை முழுவதும் படுத்துக்கொண்டு ஓரத்தில் தொங்கவும் செய்தது. பச்சை ரப்பரின் நாற்றம் எப்படி இருக்கும் என்று தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது. பொன்னம்பலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

“தம்பி, உது காசோ, பாயோ?”

“காசுதாங்க. கொஞ்சம் உறைஞ்சிருக்கு.”

“இருபது வருசமா இந்த வேலை பாக்கிறன். ஓட்டைக் காசு கண்டிருக்கிறன், கள்ளக் காசு கண்டிருக்கிறன். உறைஞ்ச காசு இண்டைக்குத்தான் காணுறன்.”

“மேல தெரியுதுங்களே, அப்படியே எண்ணிக்கலாமே.”

“ஒரு பக்கம் தெரியுது. மற்றப் பக்கத்தில ராசா இருக்கிறாரோ இல்லையோ எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?”

டிரசர் பக்கம் நான் திரும்பவே இல்லை. அவர் மூச்சு விடும் சத்தமே போதுமானதாக இருந்தது.

எனக்குப் பின்னால் வரிசையில் ஒரு மலாய்க்காரப் போலீஸ்காரர் நின்றிருந்தார். மாத்தா என்றுதான் அப்போது நாங்கள் சொல்வோம். அவர் மூக்கைச் சுருக்கி முன்னால் வந்தார். “இனி கெத்தா! சூராட் மானா?” என்றார். இது ரப்பர், சீட்டு எங்கே என்கிறார். ரப்பர் கட்டுப்பாடு நடந்த காலம். சீட்டு இல்லாமல் கையளவு ரப்பர் வைத்திருந்தாலும் கேஸ். நான் வைத்திருந்ததோ மேசையளவு. அலமாக், கல்யாணத்துக்கு வந்த இடத்தில் கைதியாகப் போகிறேனே என்று வாசலைப் பார்த்தேன்.

மாத்தா ஷீட்டின் ஒரு முனையைப் பிடித்தார். பொன்னம்பலத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

“மேசைக்கு வந்திட்டா அது காசு! எண்ணாமல் ஒருத்தரும் கொண்டு போக ஏலாது!”

“கெத்தா!”

“காசு!”

இருவரும் இழுத்தார்கள். புது ரப்பர், நன்றாக நீண்டு கொடுத்தது. ஐந்து காசுகள் எல்லாம் சற்று அகலமாகத் தெரிந்தன. திடீரென்று ஒரு பத்துக் காசு தெறித்துப் பறந்து டிரசரின் நெற்றியில் டங்கென்று பட்டது.

அவர் நெற்றியைத் தடவினார். கீழே விழுந்த காசை எடுத்தார். அது வந்த ஓட்டையைக் குனிந்து பார்த்தார். வைத்தியருடைய புத்தி வைத்தியத்தைத்தானே நினைக்கும்! கோட்டுப் பையிலிருந்து இடுக்கியை எடுத்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, “அசையாம புடிங்க” என்று இரண்டு பேருக்கும் உத்தரவு போட்டார். போலீஸ் ஒரு முனையையும் தபாலாபீஸ் ஒரு முனையையும் பிடித்துக்கொள்ள, ஆஸ்பத்திரி நடுவில் நின்று ஆபரேஷன் செய்தது. ஒவ்வொரு காசு வெளியே வரும்போதும் வரிசையில் நின்றவர்கள் “ஆ!” என்றார்கள்.

ஒரு மணி அடித்தபோது மூன்று வெள்ளி ஐந்து காசு வெளியே வந்திருந்தது. என் பேரில் புத்தகம் போட்டு அதை எழுதினார் பொன்னம்பலம். மீதிக்கு அவரும் மாத்தாவும் சேர்ந்து ஒரு தீர்ப்புச் சொன்னார்கள். ரப்பர், மரியாதைப்பட்ட மனிதரான டிரசர் வீட்டில் காவலில் இருக்க வேண்டும். காசை, காசுக்காரன் முன்னிலையில்தான் எடுக்க வேண்டும். கடைசிக் காசு வந்ததும் ரப்பரை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும்.

திரும்பும்போது வண்டியில் டிரசர் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார். “உள்ள அம்பது இருக்குன்னு சொன்னே. இருந்தா மேல பேசுவோம். ஒரு காசு குறைஞ்சாலும் உன் விரலுக்கு வேற ஆஸ்பத்திரி பாத்துக்க.” துணைப் பொய்யும் போயிற்று. ரப்பருக்குள் இருக்கிற காசு வழியில் எப்படி விழும்?

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் டிரசர் வீட்டுக் கூடத்தில் ஆபரேஷன். அவர் இடுக்கியால் எடுப்பார். பாக்கியம் தட்டு ஏந்துவாள். நான் காசுக்காரனாக உட்கார்ந்திருப்பேன். அன்றன்று எடுத்ததைக் காய்ச்சல் எழுதுகிற காகிதத்தில் கோடு போட்டுக் குறித்து வைத்தார். நாளுக்கு இருபது நாணயம் வந்தால் அதிகம். கோடு ஏற ஏற எனக்குத்தான் காய்ச்சல் வந்தது. நடுவில் யாராவது வயிற்று வலி என்று வந்து நின்றால் டிரசர் எழுந்து போவார், இடுக்கி அவள் கைக்கு வரும். அப்படி ஒருநாள்தான் அவள் முதல்முதலாக என்னிடம் பேசினாள்.

“உள்ள நெஜமாவே அம்பது இருக்கா?”

நான் சுற்றிலும் பார்த்துவிட்டு, “நாப்பத்தேழு” என்றேன்.

“மூணு வெள்ளிக்கா மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க? நான் காசே இல்ல, உள்ள ஓட்டாஞ்சில்லுதான் இருக்குன்னு நெனச்சேன்.”

அவ்வளவுதான். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அன்று ராஜா மாதிரி இருந்தது.

ஒரு மாதம் போயிற்று. ஷீட் முழுவதும் ஓட்டை. புத்தகத்தில் போட்டதையும் சேர்த்து என் கணக்குப்படி நாற்பத்தேழும் வந்துவிட்டது. டிரசர் ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நான் எழுந்து செருப்பைத் தேடினேன்.

“இரு இரு. ஓரத்துல இன்னும் ஒண்ணு இருக்கு.”

எடுத்தார். அது ஒரு ஐம்பது காசு. பக்கத்து ஓட்டையில் இன்னொன்று. மடிப்பில் இரண்டு. மொத்தம் ஆறு ஐம்பது காசு. நான் பிறந்ததிலிருந்து ஐம்பது காசு சேமித்ததே கிடையாது. அந்தத் தடிமனுக்கு என் உருளையே உடைந்திருக்கும். பத்துக் காசு ஓட்டையில் திணித்த ஐம்பது காசு, விழுங்கின தவளையைப்போலப் புடைத்துக்கொண்டு இருந்தது.

டிரசர் கடைசிக் காசை மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்தார்.

“ஆறுமுகம், ஆசிட்டுல ஊறுன காசுல டிஞ்சர் வாசம் எப்படிப்பா வரும்?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாக்கியத்தைப் பார்த்தேன். அவள் கூரையில் பல்லியைத் தேடிக்கொண்டிருந்தாள். டிரசர் எழுந்து உள்ளே போனார். அலமாரியிலிருந்து பாக்கியம் சில்லறை சேர்த்து வைக்கும் பழைய டிஞ்சர் டப்பாவை எடுத்து வந்து, திறந்து கவிழ்த்தார். காலி.

அவர் உட்கார்ந்து காய்ச்சல் காகிதத்தில் கடைசிக் கோட்டைப் போட்டார்.

“அம்பது சரியா இருக்கு. நாப்பத்தேழு உன்னுது, மூணு அவளுது. புஸ்தகத்துல ரெண்டு பேர் பேரும் போடச் சொல்லு.”

அடுத்த வியாழக்கிழமை பொன்னம்பலத்திடம் போய்க் கேட்டேன். “ரெண்டு பேர் பேரோ? முதல்ல கலியாணத்தை முடிச்சிட்டு வாரும்” என்றார். முடித்துவிட்டுத்தான் போனேன். ஷீட்டை மாத்தா ஸ்டேஷனிலிருந்து தோட்டத்துக்கே அனுப்பிவிட்டார். தோட்டத்து ஆபீஸ் பெரிய கிராணி அதை விரித்துப் பார்த்து, “எந்தப் பூச்சிடா இப்படித் தின்னுருக்கு?” என்று என்னிடமே விசாரித்தார். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

கல்யாணமான நாளிலிருந்து பாக்கியத்துக்கு ஒரு பழக்கம். சம்பளத்தைக் கொடுத்தால் எண்ண மாட்டாள், முகர்ந்து பார்ப்பாள். பிள்ளைகள் பெரியவர்களாகிச் சம்பாதித்தபோதும் அதேதான். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்காத நாள் கிடையாது. சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்த இளைய மகன் முதல் சம்பளத்தைக் கொண்டுவந்து நீட்டினான். புது நோட்டு, ஒரு கைக்குட்டையில் மடித்திருந்தது. பாக்கியம் முகர்ந்தாள். அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “இது உன் கைக்குட்டை இல்லையேடா. பொண்ணு யாரு?” என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழத்தட்டோடு நாங்கள் சிங்கப்பூருக்குப் பஸ் ஏறினோம்.