டை கட்டிய கன்றுக்குட்டி

ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஆரோக்கியராஜ் கண்ணாடி முன் நின்று, "என்னையன்றி வேறு தெய்வம் உனக்கு வேண்டாம்" என்று கணீரென்று வாசித்துப் பழகிக்கொண்டிருந்தபோது செல்போன் அலறியது. எட்டரை மணிப் பூசையில் பத்துக் கட்டளை வாசகம் அவருடையது.

போன வாரம்தான் ஃபாதர் பிரசங்கத்தில், "பொன்னில் கன்றுக்குட்டி செய்து கும்பிடுகிற காலம் போய்விட்டது. எதற்காகக் கடவுளைக் காத்திருக்கச் சொல்கிறோமோ, அதுதான் இன்றைக்கு நம் கன்றுக்குட்டி" என்றார். அந்தச் சூட்டோடு வீட்டுக்கு வந்த ஆரோக்கியராஜ், மனைவி சகாயமேரியின் டி.வி.யைப் போர்வை போட்டு மூடினார். பக்கத்து வீட்டுச் சாமியப்பனிடம், "உங்க புது பைக்கு ஒரு கன்னுக்குட்டி" என்றார்.

"இல்லீங்க, ஹோண்டாங்க" என்றார் சாமியப்பன்.

போனில் முதலாளி சுப்பண்ணன். பனியன் ஏற்றுமதி கம்பெனி அவருடையது. அதில் ஆரோக்கியராஜ் குவாலிட்டி சூப்பர்வைசர்.

"ஏனுங்க ஆரோக்கியம், நம்ம பனியன் வாங்கற ஹாலந்து பையர் பத்தரைக்கு வர்றாருங்க. பெட்டியெல்லாம் பிரிச்சுப் பாப்பாராம். எட்டு மணிக்கு வந்துருங்க."

"ஐயா, எனக்குப் பூசை இருக்குதே..."

"சாமி எங்கீங்க போயிரப்போவுது? பையருக்குத்தான் சாயங்காலம் ஃப்ளைட்டுங்க. இந்த லாட்டு பாஸாச்சுன்னா நீங்கதான் மேனேஜருங்க."

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து பதினைந்து வருடம் பனியனில் ஓட்டை தேடியவருக்கு மேனேஜர் என்ற சொல் தேனாய்ப் பாய்ந்தது. மனசாட்சி லேசாக இருமியது. அதை அடக்கிவிட்டு ஃபாதருக்குப் போன் போட்டார்.

"ஃபாதர், காய்ச்சல். வாசகத்துக்கு வர முடியாது."

"அடடா! பூசை முடிஞ்சதும் வீட்டுக்கே நற்கருணை கொண்டு வர்றேன்."

"வேண்டாம் ஃபாதர்! வந்து... ஆஸ்பத்திரிக்குப் போறேன். ட்ரிப்ஸ் போடணுமாம்."

"அவ்வளவு மோசமா?" ஃபாதரின் குரல் உடைந்தது.

சகாயமேரி கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "உங்க கன்னுக்குட்டி டை கட்டிக்கிட்டு வருதாக்கும்?" என்று கேட்டுவிட்டு, டி.வி.யின் போர்வையை உருவி எறிந்தாள். பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கோயிலுக்குக் கிளம்பினாள்.

கம்பெனி வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். பையர் உட்கார வேண்டிய நாற்காலியில் வெல்வெட் துண்டு விரித்து, ஈ உட்காராமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் நின்றான். ஆரோக்கியராஜ் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருக்கையில் சகாயமேரி போனில் கிசுகிசுத்தாள்.

"கோயிலுக்கு வெளிய நின்னு பேசுதேன். ஃபாதர் உங்களுக்காக எல்லாரையும் முழங்கால் போடச் சொல்லிட்டாவ. மாதர் சங்கமே அழுவுது. நோயாளிக்குப் பூசுற எண்ணெயோட ஆஸ்பத்திரிக்கு வரப்போறாவளாம். நான் என்ன சொல்ல?"

"கொணமாயிட்டுன்னு சொல்லு!"

"ரெண்டு மணி நேரத்துலயா? ஆண்டவர் செஞ்ச புதுமைன்னு என்னைய மைக்கைப் பிடிச்சுச் சாட்சி சொல்லச் சொல்லுவாவ!"

ஆரோக்கியராஜுக்குப் பெட்டிக் கணக்கு மறந்துபோனது. அப்போதுதான் அந்த மகா யோசனை வந்தது.

"ஐ.சி.யூ.ல இருக்கேன்னு சொல்லிரு. யாரையும் உள்ள விடமாட்டாங்க. எல்லாரும் அப்படியே வீட்டுக்குப் போயிருவாங்க."

"நல்லா இருப்பிய!" என்று சொல்லிப் போனை வைத்தாள். அது வாழ்த்து இல்லை என்று அவருக்குத் தெரியும்.

பத்தரை ஆனது. பையர் வரவில்லை. பதினொன்றும் ஆனது. சுப்பண்ணன் சந்தன மாலையைக் கையில் ஏந்தி வெயிலில் நின்றார். ஆரோக்கியராஜ் அவருக்குப் பின்னால் ஆரத்தித் தட்டுடன், அணைந்த கற்பூரத்தை மூன்றாம் தடவையாகப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். தான் இப்போது எதன்முன் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று நினைத்துப் பார்க்க அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் தட்டைக் கீழே வைக்கவில்லை.

கடைசியில் டிராவல்ஸ் கார் வந்து நின்றது. எல்லோரும் இடுப்பை வளைத்துக் கும்பிட்டார்கள். சுப்பண்ணன் பின்கதவைத் திறந்து மாலையை நீட்டினார். உள்ளே சீட் காலியாக இருந்தது.

"எங்கீங்க பையரு?" சுப்பண்ணன் மாலையோடு குனிந்து சீட்டுக்கு அடியிலும் பார்த்தார்.

டிரைவர் கந்தவேல் இறங்கி, தலையைச் சொறிந்தான்.

"அவரு ஞாயித்துக்கெழம பூசைக்குப் போகாம ஒரு வேலையுந் தொடமாட்டாராமுங்க, காத்தால கோயில்ல கொண்டுபோய் விட்டனுங்க, அங்க யாரோ ஆரோக்கியராஜுன்னு உங்க கம்பெனி ஆளு ஐ.சி.யூ.ல கெடக்கறதா ஃபாதர் சொன்னாருங்களா, மொதல்ல அவரப் பாத்துட்டுத்தான் பனியனப் பாப்பேன்னு ஹார்லிக்ஸ் பாட்டிலோட ஃபாதர் ஜீப்புல ஏறிப் போயிட்டாருங்க!"