சொட்டெண்ணெய்ப் பரணி

வாழி! கரி படிந்த நகமும் கந்தல் செருகிய இடுப்பும் உடையோன், கண்ணை மூடிக்கொண்டே வேண்டிய ஸ்பேனரைத் தொட்டெடுக்கும் கைவல்லோன், பழம்போர் வண்டிகள் அணிவகுத்து நிற்கும் அருங்காட்சியகத்தின் தலைமை மெக்கானிக் (தலைமை என்றாலும் அவனுக்குக் கீழே ஒருவரும் இல்லை), கட்டிய மனைவியின் அண்ணனையே மாற்றானாகப் பெற்ற மாவீரன் வாழி! ஆயிரம் யானைகளைக் கொன்றவனுக்கே பரணி பாட வேண்டும் என்பது முன்னோர் வகுத்த முறை. நம் தலைவன் யானை எதையும் கொன்றதில்லை. அவன் கொல்லப் புறப்பட்டது ஒரு சொட்டு எண்ணெயை. ஆனால் யானை செத்தால் திரும்பி வராது, சொட்டு வரும். ஆகவே பாடுகிறோம்.

துருவே! இரும்புண்டு கொழுக்கும் செந்நிறப் பேயே! இந்தக் கதை முடியும் மட்டும் வாசலுக்கு வெளியே நில். உனக்கும் அவனுக்கும் உள்ள வழக்கு நெடுநாள் வழக்கு. இன்று அவனுக்கு வேறு வேலை இருக்கிறது.

களத்தின் மாண்பைச் சொல்லப் புகுவோம். வான்தொடு கூரையின் கீழே, ஒற்றைக்கண் விளக்கு எஞ்சிய படைலாரியும், பக்கத்தொட்டில் பூண்ட மோட்டார் சைக்கிளும், நீரிலும் நிலத்திலும் ஓடும் என்று பலகை பறைசாற்ற இரண்டிலும் ஓடாத படகுவண்டியும், புண்பட்டோரைச் சுமந்த ஆம்புலன்ஸும் வரிசை பிறழாது நின்றன. வண்டிக்கொரு பொம்மை சீருடை தரித்துச் சிலையாக அமர்ந்திருந்தது. ஆம்புலன்ஸின் செவிலிப் பொம்மைக்கு ஒரு விரல் இல்லை. அதைப் போரில் இழந்ததாகப் பார்வையாளர்கள் எண்ணிக்கொண்டார்கள், துடைப்பம் பட்டு உடைந்தது என்று யாரும் சொல்லவில்லை. இவ்வண்டிகள் எல்லாவற்றின் இன்ஜின்களும் ஒரு காலத்தில் எண்ணெய் வடிக்கப்பட்டு, வாய் அடைக்கப்பட்டு, சீல் வைக்கப்பட்டவை. வேண்டும்போது திறந்துகொள்ளலாம் என்றுதான் அப்போது சொன்னார்கள். எதையும் திறக்கவில்லை.

இவற்றின் நடுவே, குன்று குந்தியிருப்பது போல வீற்றிருந்தது ஒரு டாங்கி. ஊழியர் அனைவரும் அதைப் பெரியப்பா என்றே அழைத்தனர். பெரியப்பாவுக்கு மட்டும் உயிர் உண்டு. குருவிக்கூடும் மண்ணும் அடைத்துக் கிடந்த அதன் இன்ஜினைத் திருகு திருகாகப் பிரித்து, கழுவி, கிடைக்காத உறுப்பைத் தானே கடைந்து, விடுமுறை நாளெல்லாம் அதன் வயிற்றுக்குள்ளேயே கிடந்து எழுப்பியவன் நம் தலைவன். ஆண்டுக்கு ஒருமுறை பின்கட்டு மைதானத்தில் அது உறுமும்போது அவன் கண்ணில் நீர் வரும். புகை என்பான். புகை எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருக்கும்.

இனி மாற்றானைப் பாடுவோம். அவன் கட்டடப் பொறுப்பாளன், கதவு, குழாய், விளக்கு, சோப்பு அனைத்துக்கும் அதிபதி, தலைவனுக்கு மச்சான். பெரியப்பா கொலுவிருக்கவென்று அக்கூடத்தில் அவன் புதிதாகப் போட்ட வெண்தரையோ, காய்ச்சிய பாலை ஊற்றி ஆறவிட்டது போல இருந்தது. அதன்மேல் அவன் காலுறையோடு மட்டுமே நடந்தான், பிறரையும் அப்படியே நடத்தினான். பலகை பரப்பி, கம்பளம் விரித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பெரியப்பாவை அதன்மேல் ஏற்றி நிறுத்திய மறுநாள் காலை, பளிங்கனைய அப்பெருவெளியின் நட்டநடுவில், மிளகளவில், கன்னங்கரேலென்று, பளபளத்துக்கொண்டு ஒரு சொட்டு கிடந்தது.

"மாப்ள!" என்று எழுந்த முழக்கத்தில் ஆம்புலன்ஸின் கதவு தானே திறந்துகொண்டது.

முழக்கம் கேட்டு வந்தவர் இயக்குநர் அம்மையார். பதவியேற்றுச் சில மாதமே ஆனவர், மெக்கானிக்கை இதற்கு முன் இரண்டு முறை பார்த்தவர், இரண்டு முறையும் வண்டிக்கு அடியிலிருந்து நீண்ட கால்களை மட்டும் பார்த்தவர். அவர் சொட்டை நோக்கினார். சொட்டும் அவரை நோக்கியது. பிறகு அவர் ஆணை பிறப்பித்தார்.

"சாயங்காலம் புதுக் கண்காட்சிக்கு நன்கொடையாளர்கள் வர்றாங்க. இந்தத் தரையில டாங்கியோட நிழல் கண்ணாடி மாதிரி தெரியணும், அதுக்குத்தான் இவ்வளவு செலவும். அப்போ ஒரு சொட்டு என் கண்ணுல பட்டாலும், நாளைக்கே எண்ணெயை வடிச்சு இன்ஜினுக்கு சீல் வச்சிடுங்க. நிக்கிற வண்டிக்கு எதுக்கு எண்ணெய்?"

"மேடம், அடியில ஒரு தட்டு வச்சுட்டா..." என்று இழுத்தான் தலைவன்.

"தட்டு, துணி, டப்பா எதுவும் கூடாது. இது மியூசியம். ஒழுகுற வீடு இல்லை."

ஆணை கேட்டான் தலைவன். அவன் முகம் சுண்டிப்போயிற்று. ஆயினும் வீரன் அல்லனோ! கச்சையை இறுக்கினான், கந்தலை உதறினான், மல்லாந்து படுத்தான், கைகளால் உந்தி உந்திப் பெரியப்பாவின் இருண்ட அடிவயிற்றுக்குள் தலையோடு புகுந்தான். வெளியே இரண்டு காலணிகள் மட்டும் வானம் பார்த்து நின்றன.

பகைவன் இருக்குமிடம் அவனுக்குத் தெரியும். இன்ஜினுக்கு அடியில் ஒரு தகடு, தகட்டுக்கும் இரும்புக்கும் இடையே கசிவு தடுக்கும் பழைய தக்கை கேஸ்கட், அதன் ஓர் ஓரம். தகட்டைக் கழற்றிப் புது கேஸ்கட் போடுவதே அறம். அதற்கு வண்டியை வெளியே இழுக்க வேண்டும். இழுத்தால் தரை கீறும். கீறினால் மச்சான் அதன்மேல் விழுந்து புரளுவான். ஆகவே தலைவன் ஸ்பேனரை எடுத்தான். அப்போது வரை அச்சொட்டு, ஒருவர் ஒரு கோப்பைத் தேநீரை நிதானமாகக் குடித்து முடிக்கும் நேரத்துக்கு ஒன்றாக, நாகரிகமாகத்தான் விழுந்துகொண்டிருந்தது. பழைய கேஸ்கட்டை நெருக்காதே, நெருக்கினால் பிதுங்கும் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவன் அவன். ஆனால் தரையோடு தரையாகக் கன்னம் வைத்துப் படுத்து, கையில் டிஷ்யூ சுருளோடு, மச்சான் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு போல்ட்டை எவ்வளவு திருக வேண்டுமோ அதைவிடக் கால் சுற்று கூடுதலாகத் திருகுவது மெக்கானிக் குலத்தின் சாபம். திருகினான். தக்கை பிதுங்கியது. அதன் பிறகு ஒரு மடக்குத் தேநீருக்கு ஒரு சொட்டு விழுந்தது.

"மாப்ள, முன்னாடி கொஞ்சம் மெதுவா விழுந்துச்சே" என்றான் மச்சான், மிகுந்த மரியாதையோடு.

தலைவன் பிசினை எடுத்துப் பூசினான். எண்ணெய் படிந்த இரும்பில் பிசின் ஒட்டாமல் அவன் மீசையில் ஒட்டியது. பிறகு, மெக்கானிக்குகள் மட்டுமே அறிந்த மறைபடைக்கலமாகிய சோப்பைக் கேட்டான். சோப்போ மச்சானின் ஆட்சிக்கு உட்பட்ட கழிவறையில் இருந்தது. பெரும் வாதப்போருக்குப் பிறகு பாதிக் கட்டி வழங்கப்பட்டது. அதைக் குழைத்து விளிம்பில் அப்ப, ஆகா, சொட்டு நின்றது! இருவரும் கண் கொட்டாமல் காத்திருந்தனர். சற்றைக்கெல்லாம் சொட்டு திரும்பி வந்தது, இம்முறை நறுமணத்தோடு.

உச்சிப்பொழுதில், இவ்விரு வேந்தர்க்கும் இடைப்பட்ட நாடு போன்றவள், ஒருவனுக்கு மனைவியும் ஒருவனுக்குத் தங்கையும் ஆனவள், வாயிலில் நுழைவுச்சீட்டு கிழிப்பவள், களத்துக்கு எழுந்தருளி இருவருக்கும் பொதுவாக ஒரே பிரகடனம் செய்தாள். "ஏங்க, சாப்பாடு ஆறிப்போச்சு. அண்ணே, உனக்கும் சேர்த்துத்தான் கொண்டாந்திருக்கேன். ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டு வந்து சண்டை போடுங்க, சண்டை எங்கயும் போயிடாது."

இருவரும் அசையவில்லை. அவள் தன் பங்கைத் தின்றுவிட்டு வாயிலுக்குப் போனாள்.

அவள் போன பின்பு, வண்டிக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. அதில் வீரம் கொஞ்சமும் இல்லை.

"மச்சான், சீல் வச்சா திறக்க மாட்டாங்க. உங்களுக்கே தெரியும்."

"தரையைப் போட முட்டி தேய உழைச்சது நான்தானே மாப்ள?"

"தரையைத் துடைச்சுக்கலாம் மச்சான். செத்த இன்ஜினை என்ன பண்றது? அப்புறம் நான் இங்க என்னத்தைப் பார்ப்பேன்? பொம்மைக்குத் தூசி தட்டிட்டு வீட்டுக்கு வரவா?"

மச்சான் இன்னொரு டிஷ்யூவைக் கிழித்து, விழுந்த சொட்டைத் துடைத்தான். வழக்கத்தைவிட மெதுவாகத் துடைத்தான்.

அந்நேரம் பார்த்து, சொன்ன பொழுதுக்கு முன்னரே, நன்கொடையாளர் படை நுழைந்தது! கோல் ஊன்றியோரும் கூலிங்கிளாஸ் அணிந்தோரும் புடைசூழ, அம்மையார் முன்னே வர, வெண்தரை மேல் காலணிகள் முரசென அதிர்ந்தன. மச்சான் துள்ளி எழுந்து டிஷ்யூ சுருளைச் சட்டைக்குள் திணித்தான். வயிறு ஒரு பக்கம் வீங்கியது. தலைவனோ அடியில் மாட்டிக்கொண்டான். வெளியே ஊர்ந்து வர நேரமில்லை. மேலே பார்த்தான். தகட்டின் விளிம்பில் சொட்டு திரண்டு, கனத்து, நீண்டு, விழ நாள் பார்த்துக்கொண்டிருந்தது.

மார்பைக் கொடுப்பதே மறவர் வழக்கம். ஆனால் மார்பு அவ்விடத்துக்கு வர வேண்டுமானால் இன்னும் ஒரு முழம் உள்ளே ஊர வேண்டும், ஊர்ந்தால் கால் ஆடும். அவன் கழுத்தை மட்டும் ஒரு விரற்கிடை திருப்பி, விரிநெற்றியை ஏந்தினான். சொட்டு விழுந்தது. முகத்தில் ஏற்ற புண்ணே விழுப்புண் என்று சான்றோர் சொல்வர். இன்ஜின் எண்ணெய் சூடாக இல்லை என்பது ஒன்றே ஆறுதல்.

அம்மையார் நின்றார். இரண்டு கால்களைக் கண்டார். "இது என்ன?"

மச்சானின் நாவின் நுனியில் வெற்றி வந்து உட்கார்ந்திருந்தது. எண்ணெய் ஒழுகுது, மாப்பிள்ளை பிடிச்சுக்கிட்டு இருக்கார் என்று அவன் சொன்னால் போதும். நாளையே பெரியப்பா ஊமையாவார், தரை என்றென்றும் வெண்மையாக இருக்கும். அவனுக்குத் தரை பெற்ற பிள்ளை போல. ஆனால் அந்தக் காலணிகளின் தேய்ந்த அடியைப் பார்த்தபோது, இந்த ஆள் நாளை மாலை வீட்டுத் தாழ்வாரத்தில் என்ன முகத்தோடு வந்து உட்காருவான் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"பொம்மைங்க மேடம்" என்றான். "மெக்கானிக் பொம்மை. வண்டின்னா வெறும் இரும்பு இல்லை, அதுக்கு ஒரு ஆளு வேணும்னு காட்டுறதுக்கு."

அம்மையார் குனிந்து அந்தக் கால்களைப் பார்த்தார். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார். "இங்க இருக்கிறதுலேயே இதுதான் நல்லா இருக்கு."

அதன்பின் நடந்த கொடும்போரை எந்த நாவால் உரைப்போம்! கோல் ஊன்றிய பெரியவர் ஒருவர் கோலால் காலணியைத் தட்டி, தேய்மானம்கூட அப்படியே இருக்கிறது என்று வியந்தார். கூலிங்கிளாஸ் அம்மாள் குனிந்து, மூச்சு விடுகிற மாதிரியே இருக்கு என்றாள். தலைவன் மூச்சை நிறுத்தினான். வரிசையாகப் புகைப்படம் எடுத்தார்கள். மேலிருந்தோ, புருவத்தில் ஒன்று, இமையில் ஒன்று, காதுக்குழியில் ஒன்று, சோப்பு மணக்கும் ஒன்று மூக்கின் துளைவாயிலில் என, சொட்டுகள் அம்புகளாய் இறங்கின. நுரையீரலின் ஆழத்தில் ஒரு தும்மல் பிறந்து, தொண்டை ஏறி, மூக்கு வரை படையெடுத்து வந்தது. அவன் நாக்கைக் கடித்தான். மறுபடி கடித்தான். தும்மல் புறங்காட்டி ஓடியது. வழிந்த எண்ணெய் முழுவதையும் அவனுடைய அடர்ந்த தலைமுடி குடித்தது. தரைக்கு ஒரு துளியும் போகவில்லை. மச்சானோ வண்டியின் எடை என்ன, வேகம் என்ன என்று தனக்கு ஒன்றுமே தெரியாத விவரங்களை உரத்த குரலில் பொழிந்து, மூச்சுச் சத்தத்தை மறைத்துக்கொண்டிருந்தான்.

இறுதியில் அம்மையார் தரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து இரண்டாம் ஆணையை வெளியிட்டார். "ஒரு சொட்டுகூட இல்லை. இன்ஜின் அப்படியே இருக்கட்டும், சீல் வேண்டாம். இந்தப் பொம்மையும் இப்படியே இருக்கட்டும், கண்காட்சி முடியிற வரைக்கும் யாரும் தொடக் கூடாது."

வாகை சூடினான் தலைவன்! படை வெளியேறிய பின் அவன் ஊர்ந்து வெளிப்பட்டபோது முகம் முழுதும் கருமை, அதனுள்ளே இரு கண்கள் மட்டும் வெண்மை. மச்சான் சட்டைக்குள்ளிருந்த சுருளை எடுத்து நீட்டினான். இருவரும் தரையில் உட்கார்ந்தனர், காலணியோடு, யாரும் அதட்டவில்லை. தலைவன் சிரித்தான், மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டான், பிறகு கொஞ்சம் அழுதான், புகை என்று சொல்லவில்லை.

"நாளைக்கு நிஜமாவே ஒரு பொம்மை கேட்டு எழுதிடலாமா மச்சான்?"

"எப்படி மாப்ள எழுதுறது? ஏற்கெனவே ஒண்ணு இருக்குன்னு நான்தானே சொன்னேன்."

எண்ணெய் உறையாது, இன்ஜின் இறவாது, ஆண்டுக்கொரு முறை விண்ணதிர உறுமும் அப்பெருவண்டியின் புகழ் ஓங்குக! அதன் உயிரைத் தன் நெற்றியால் தாங்கிய மறவோன் புகழ் மண்ணும் விண்ணும் உள்ளவரை நிலைத்து நிற்பதாகுக!

மறுநாள் காலை தலைவன் ஒரு தலையணையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனான்.