பிடியாணையும் பான்கேக்கும்

அன்பும் மரியாதையும் மிகுந்த டோரீன் சித்திக்கு,

பிரிஜெட் எழுதுவது. உங்கள் முழங்காலும் சித்தப்பாவின் சோளமும் நலமாயிருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன். ஆஸ்கருக்கு இரண்டாவது பல் வந்துவிட்டது. என்னைப் போலீஸ் தேடுகிறது.

பதறாதீர்கள், பதறுவதற்கு நான் இருக்கிறேன். காரின் பின்விளக்கு உடைந்ததற்குச் சீட்டு கொடுத்து, அதை மாற்றிவிட்டு நேரில் வந்து நீதிபதியிடம் சொல் என்றார்கள். மாற்றினேன் சித்தி! ஆனால் ஆஜராக வேண்டிய நாளில் பிள்ளைக்குக் காய்ச்சல் கொதித்தது. நீதிமன்றத்துக்குப் போன் செய்தால் இயந்திரக் குரல், "ஒன்றை அழுத்து, நாலை அழுத்து" என்றது. ஆஸ்கர் எல்லாவற்றையும் அழுத்திவிட்டான். வராததற்குப் பிடியாணை, ஓட்டுநர் உரிமமும் முடக்கம். பஸ்ஸே இல்லாத நம் ஊரில் காரைத் தொடாதே, ஆனால் நாற்பது மைல் தாண்டி வந்து ஆஜராகு என்றால், பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சோள வயல் வழியாக நடப்பதா? நேற்று மளிகைக் கடையில் என்னோடு படித்த ரஸ் போலீஸ் உடுப்போடு நின்றான். நாய்த்தீனி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்தேன். "என்ன பிரிஜெட், நாய் வாங்கிட்டியா?" என்றான். "ஆமா" என்றேன். போலீஸிடம் பொய் சொன்ன குற்றமும் சேர்ந்தது.

சனிக்கிழமை கோர்ட்டு ஊரிலுள்ள லூத்தரன் திருச்சபைக் கூடத்தில் நீதிபதியே வந்து உட்காருகிறாராம், பிடியாணை உள்ளவர்கள் பயமில்லாமல் வந்து தீர்த்துக்கொள்ளலாமாம், பான்கேக்கும் உண்டாம். பொறியில் தீனி வைக்காமல் எந்த எலி அகப்பட்டது? பக்கத்து வீட்டு மார்ஜி, "போடி பைத்தியம், போன வருஷம் என் மச்சான் போய்த் தீர்த்துட்டு, வயிறு முட்டத் தின்னுட்டும் வந்தான்" என்கிறாள். அவள் மச்சான் தாய்ப்பால் கொடுப்பவனா? என்னை உள்ளே வைத்தால் ஆஸ்கர் புட்டியைத் தொடமாட்டான். என் வீட்டுக்காரர் டேல், லாரி ஓட்டிக்கொண்டு மொன்டானாவில் இருக்கிறார். ஆகவே போகமாட்டேன். ஆஸ்கர் வளர்ந்து என்னைக் காரில் கூட்டிப்போகும்வரை வீட்டைவிட்டு இறங்கமாட்டேன். பிடித்துக்கொண்டு போனால் பிள்ளை உங்கள் பொறுப்பு. பட்டாணி மட்டும் கொடுக்காதீர்கள், துப்புவான்.

சித்தப்பாவுக்கும் கோழிகளுக்கும் என் அன்பு. உங்கள் கூரைமேல் கர்த்தரின் கை இருப்பதாக.

கதவைத் தாழிட்டுக்கொண்டு,
பிரிஜெட்

பி.கு.: போனேன். மார்ஜிக்கு வேலை, அதனால் நானே ஓட்டினேன். நீதிபதி தங்கமான மனிதர், பிடியாணையை அங்கேயே ரத்து செய்தார். "உரிமம் திங்கட்கிழமைதான் திரும்பும். அதுவரைக்கும் கார் ஓட்டக் கூடாதும்மா. ஆமா, இங்க எப்படி வந்தீங்க?" சபைக் கூடத்தில் பொய் வருமா? "ஓட்டிட்டுதான் வந்தேன் ஐயா." நீதிபதி, அங்கே காவலுக்கு வந்திருந்த ரஸ் பக்கம் திரும்பி, "உனக்கு ஏதாவது காதுல விழுந்துச்சா?" என்றார். "வாய் நிறைய பான்கேக் ஐயா, ஒண்ணும் கேக்கல."

கடைசியில் போலீஸ் காரில், கம்பிவலைக்குப் பின்னால்தான் வீடு வந்து சேர்ந்தோம். தெருவே வாசலில் நின்றது, ஆஸ்கர் கைதட்டினான். பிள்ளையைப் பற்றி மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். ஆனால் இறக்கிவிடும்போது ரஸ், "அடுத்த ஞாயிறு என் பொண்ணக் கூட்டிட்டு வர்றேன், உன் நாயப் பாக்கணும்னு ஒரே அழுகை" என்றான். சித்தி, எந்த நிறமானாலும் சரி, ஒரு நாயோடு உடனே புறப்பட்டு வாருங்கள்.