மெஷினை நிறுத்தாதவர்கள்

யூனிக்ஸ்காரர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள், யாரோ கம்ப்யூட்டர்காரர் என்று நினைத்துக் கடந்து போயிருப்பீர்கள். அவர் காதுபட மட்டும் அப்படிச் சொல்லிவிடாதீர்கள். கம்ப்யூட்டர்காரர் என்பவர் மவுஸைப் பிடித்து, அம்புக்குறியை நகர்த்தி, படத்தைத் தட்டிப் பிழைக்கிறவர். யூனிக்ஸ்காரர் கறுப்புத் திரைக்கு முன்னால் முதுகை வளைத்து உட்கார்ந்து, பச்சை எழுத்தில் இரண்டெழுத்துக் கட்டளைகளை அடிக்கிறவர். நகலெடுக்க சி.பி., நகர்த்த எம்.வி., அழிக்க ஆர்.எம். முழுச்சொல்லாக அடித்தால் விரல் தேய்ந்துவிடும் என்ற பயமோ என்னவோ. அழிக்கச் சொன்னால், 'நிஜமாகத்தான் சொல்கிறாயா?' என்று மெஷின் ஒரு வார்த்தை கேட்காது. அப்படிக் கேட்கிற மெஷின்களை அவர் மதிப்பதும் இல்லை.

இந்த இனம் எங்கள் பக்கம் குடியேறியது எண்பதுகளின் கடைசியில். இராஜபாளையத்து மில் முதலாளி ஒருவர் கோயம்புத்தூருக்குப் போன இடத்தில், யூனிக்ஸ் என்ற இயக்கமுறை ஓடும் ஒரே பெட்டியில், திரையும் விசைப்பலகையும் மட்டுமான எட்டு டெர்மினலைக் கோத்து எட்டுப் பேர் வேலை பார்ப்பதைக் கண்டார். எட்டு கம்ப்யூட்டர் வாங்குவது மிச்சமாயிற்றே என்று கையோடு ஒரு பெட்டியை வாங்கி வந்துவிட்டார். பெட்டி வந்தால் அதற்கு ஒரு பூசாரி வேண்டாமா? என்னோடு கல்லூரியில் படித்த வைகுண்டராஜ் பூசாரியானான். அதே சமயம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் அறையில் இன்னொரு பெட்டிக்கு நான் பூசாரியானேன். ஆகவே இதில் வருகிற கேலியில் பாதி எனக்கு. மீதிப் பாதியை வாங்கிக்கொள்ள அவன் இப்போது இல்லாததால், அதுவும் எனக்கே.

இவர்களை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். சந்தேகம் கேட்டால், "மேனுவலைப் பாருங்க" என்பார்கள். மேனுவலைப் பார்த்துவிட்டு வந்து கேட்டால், "சரியாப் பாருங்க" என்பார்கள். கல்யாணப் பந்தியில் இலை போட்டுச் சாம்பார் வரும்வரை, பக்கத்து இலைக்காரருக்குக் கட்டளைகளைக் குழாய்போல ஒன்றோடொன்று இணைக்கும் அழகை அப்பளத்தை நொறுக்கி விளக்குவார்கள். இரண்டு யூனிக்ஸ்காரர்கள் சந்தித்தால் நலம் விசாரிக்க மாட்டார்கள். "எத்தனை நாளா நிறுத்தாம ஓடுது?" என்பார்கள். அதுதான் அவர்களின் குலப்பெருமை. மெஷினை ஓடவிட்டு எத்தனை காலமாயிற்று, இடையில் நிறுத்தியதுண்டா? நிறுத்தினேன் என்றால் அந்த மனிதர் மீது ஒரு பார்வை விழும். விவாகரத்து ஆனவரை எங்கள் ஊரில் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

இத்தனை ஒற்றுமை உள்ள இனத்தில் பிரிவு இல்லாமல் இருக்குமா? ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் இருந்துகொண்டு இதை விளக்கவும் வேண்டுமா? பெருமாள் ஒருவர்தான்; நாமத்துக்குப் பாதம் உண்டா இல்லையா என்பதற்காக மனிதர்கள் கோர்ட் வரை போகவில்லையா? யூனிக்ஸும் ஒன்றுதான். ஆனால் சிஸ்டம் ஃபைவ் வழி என்று ஒன்று, பெர்க்லி வழி என்று ஒன்று. வைகுண்டராஜின் மில் பெட்டி முதல் வழி. என் கல்லூரிப் பெட்டி இரண்டாவது. தாளில் அச்சடிக்க அவர்கள் எல்.பி. என்று அடிக்க வேண்டும், நாங்கள் எல்.பி.ஆர். ஓர் எழுத்துதான் வித்தியாசம். அந்த ஓர் எழுத்துக்காக இராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் நின்று, கண்முன்னால் வந்த டவுன் பஸ்களையெல்லாம் போக விட்டிருக்கிறோம்.

"ஏலே, எல்பின்னு அடிச்சா தாள் வருதா இல்லையா? பொறவு எதுக்குல அந்த ஆர்?"

"பேருக்குப் பின்னால 'ர்' போடுறது மரியாதைலே. நாங்க மெஷினுக்கும் மரியாதை குடுக்கோம்."

"மரியாதை தெரிஞ்சவன் மொகரையப் பாரு."

பிறகு லினக்ஸ் என்று மூன்றாவது வழி ஒன்று வந்தது. ஒரு மாதப் பத்திரிகையோடு இலவசமாகக் கொடுத்த சி.டி.யில் வந்தது. எல்.பி. என்றாலும் செய்தது, எல்.பி.ஆர். என்றாலும் செய்தது. இரண்டு வீட்டுச் சம்பந்தியிடமும் நல்ல பெயர் வாங்கிய மாப்பிள்ளையைப் போல அது இருந்ததால் எங்களுக்கு அதன்மேல் முதலில் நம்பிக்கை வரவில்லை. 'ஓசியில வந்த சாமி' என்று வைகுண்டராஜ் ஒதுக்கிவிட்டான். நான் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டேன். ஏற்றிக்கொண்டதோடு நிற்காமல், அதில் பழகிய விரல்களை ஊரெல்லாம் கொண்டுபோனேன். அங்கேதான் வினை.

தொண்ணூற்றாறு ஐப்பசியில் ஒரு நாள், வைகுண்டராஜின் மனைவி பரிபூரணம் என்னைத் தேடிக் கல்லூரிக்கே வந்துவிட்டாள். நனைந்த குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணாச்சி, மதுரை டாக்டர் அவிய இருதயத்துல வால்வு மாத்தணும்னு சொல்லிட்டாரு. தள்ளிப் போட்டா உசுருக்கு ஆகாதாம். அவிய மாட்டேங்காவ."

"பயப்படுதானா?"

"பயமா? மெஷின விட்டுட்டு வரமுடியாதாம். இவிய போனா யாரோ நிறுத்திப்புடுவாவளாம். ரெண்டு வருசமா நிறுத்தாம வச்சிருக்காவளாம். நீங்க சொன்னா கேப்பாவ."

இந்த உலகத்தில் நான் சொல்லி வைகுண்டராஜ் கேட்டது ஒன்றுகூட இல்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? போனேன்.

'யாரோ' என்று அவள் சொன்ன ஆளின் பெயர் பால்ச்சாமி. மில் எலெக்ட்ரீஷியன். நூல் மில்லில் பஞ்சுத் தூசி எங்கேதான் போய் உட்காராது? புருவத்தில் உட்காரும், டிபன் கேரியரில் உட்காரும், சாமி படத்து மாலையில் உட்காரும். ஏ.சி. அறைக் கதவு திறந்து மூடும் நேரத்தில் உள்ளே நுழைந்து, அந்தப் பெட்டியின் காற்றாடியிலும் உட்காரும். அஞ்சு நிமிஷம் நிறுத்தினால் ப்ளோயரை வைத்து ஊதிவிடுகிறேன் என்று பால்ச்சாமி கேட்காத வாரம் இல்லை. வைகுண்டராஜ் நிறுத்தவில்லை. பெட்டி சூடாகிறது என்று அதற்கு ஒரு டேபிள் ஃபேன் வைத்தான். டேபிள் ஃபேனிலும் பஞ்சு அடைந்தது. அதை மட்டும் ஊத அனுமதித்தான்.

நான் போனபோது, வாசலிலிருந்து அறைக்கு நடந்த நடைக்கே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"யாரு, பரிபூரணம் வந்தாளா?"

"வந்தா. உனக்கு மூச்சு வாங்குதுலே."

"எனக்குத்தான வாங்குது. மெஷினுக்கு வாங்கலல்லா."

"நீ இல்லன்னா அது ஓடாதா?"

"ஓடும். ஓட விடமாட்டானுவ. அந்தா நிக்கான் பாரு."

கதவோரம் ப்ளோயரோடு நின்ற பால்ச்சாமி, "சார், நான் ஒன்னுமே சொல்லலயே" என்றான்.

"அப்பம் நான் பாத்துக்கிடுதேன். லீவு போட்டுட்டு வந்து இங்கன உக்காந்துக்கிடுதேன். நீ ஆப்பரேசன் முடிச்சுட்டு வா" என்றேன்.

வைகுண்டராஜ் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "நீயா? நீ எல்பிஆர்னு அடிப்ப."

"எல்பின்னே அடிக்கேன்."

இதன் கனம் உங்களுக்குப் புரிய வேண்டும். வடகலைக்காரர் ஒருவர் நெற்றியில் பாதம் வைத்துக்கொள்ளச் சம்மதித்த நேரம் அது. அவனுக்கே ஒரு கணம் கண் கலங்கியது போலிருந்தது. ஆனால் யூனிக்ஸ்காரன் கண் கலங்கினாலும் பரீட்சை வைக்காமல் விடமாட்டான்.

"உக்காரு. ரூட்டா விட்டிருக்கேன்" என்றான். ரூட் என்றால் அந்த மெஷினில் எதையும் செய்ய அதிகாரம் உள்ளவர். "பிரின்டருக்குப் போன வேலை ஒன்னு முட்டிக்கிட்டு நிக்கு. அத மட்டும் நிறுத்து பாப்போம்."

இவ்வளவுதானா? லினக்ஸில் இதற்கு ஒரே கட்டளை. கில்ஆல் என்று அடித்து, நிறுத்த வேண்டியதன் பெயரைச் சேர்த்தால் முடிந்தது. அடித்தேன். அடிக்கும்போது அவன் வாயைத் திறந்தது தெரிந்தது. அதற்குள் என் விரல் என்டரைத் தட்டியிருந்தது.

லினக்ஸில் கில்ஆல், பெயர் சொன்னதை மட்டும் நிறுத்தும். சிஸ்டம் ஃபைவில் அதே கட்டளை, மெஷினையே மூடும் நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கிற எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் நிறுத்துவதற்காக வைத்திருப்பது. ஒருவனைக் கைது செய்யப் போய் ஊரையே காலி செய்துவிட்டேன். திரை செத்தது. பக்கத்து அறையிலிருந்து ஒவ்வொரு குரலாக, "சார், போச்சு", "சார், இங்கயும் போச்சு" என்று எட்டு டெர்மினலும் சாட்சி சொல்லின.

பால்ச்சாமி மெதுவாகக் கேட்டான்.

"சார், நின்னுட்டாப்ல இருக்கே. ஊதட்டுமா?"

வைகுண்டராஜ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். வால்வு அங்கேயே வேலையைக் காட்டிவிடுமோ என்று நான் அவன் கையைப் பிடித்தேன். அவன் கையை உருவிக்கொண்டு, "ஊது" என்றான்.

மூடியைக் கழற்றி ஊதினான் பால்ச்சாமி. ஒரு கைக்குழந்தைக்குத் தலையணை தைக்கிற அளவுக்குப் பஞ்சு வந்தது. எங்கள் மூவர் தலையிலும் இறங்கியது.

"உன்ன நம்பி மெஷின விட்டுட்டு எப்படிலே போறது?" என்றான் வைகுண்டராஜ்.

"நின்ன மெஷினுக்கு எதுக்குலே காவல்?"

யோசித்தான். இனி காப்பாற்ற வேண்டிய பெருமை எதுவும் அந்த அறையில் பாக்கி இல்லை. "அதுவும் சரிதான்" என்றான். அடுத்த வாரம் மதுரைக்குப் போனான். வால்வு மாற்றினார்கள்.

அதன்பிறகு மூன்று வருஷம் இருந்தான். அந்த மூன்று வருஷமும் என்னைப் பற்றிப் பேசுவதையே பிழைப்பாக வைத்திருந்தான். கல்யாண வீட்டில், டீக்கடையில், சர்ச் வாசலில், யாரிடம் அறிமுகப்படுத்தினாலும் "இவன்தான் ஐயாதுரை. கில்ஆல் அடிச்சவன்" என்பான். கேட்டவருக்கு ஒன்றும் புரியாது. அதைப் பற்றி அவனுக்குக் கவலையும் இல்லை. மாதத்துக்கு ஒருமுறை மெஷினை நிறுத்திப் பால்ச்சாமியை ஊத விட்டான். அதற்கு 'திட்டமிட்ட நிறுத்தம்' என்று பெயரும் வைத்தான்.

இந்த ஆனியில் போய்விட்டான். வால்வு நன்றாகத்தான் இருந்தது என்றார்கள். மற்றவை நின்றுவிட்டன.

மூன்றாம் நாள் ஜெபம் முடிந்து, வாடகை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பரிபூரணம் எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, ஒன்னு கேக்கணும். அன்னைக்கு நீங்க வேணும்னுதான அந்த மெஷின நிறுத்துனீய? அவிய கடைசிவரைக்கும் ஒத்துக்கிடல. எனக்குத் தெரியும். இந்த மூணு வருசம் நீங்க குடுத்தது."

இந்த இடத்தில் ஒரு மனிதன் என்ன சொல்வான்? ஆமாம்மா என்பான். அல்லது தலையைக் குனிந்துகொள்வான். ஒன்றும் தோன்றாவிட்டால் காப்பியையாவது குடிப்பான். நான் என்ன செய்தேன் தெரியுமா?

"இல்லம்மா. லினக்ஸ்ல கில்ஆல்னா பேரு சொன்னத மட்டும் நிறுத்தும். சிஸ்டம் ஃபைவ்ல அப்படி இல்ல" என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்தது நிற்கவில்லை. மெஷினை மூடுகிற வழிமுறை, அதில் அந்தக் கட்டளை எங்கே வருகிறது, பெர்க்லிக்காரர்கள் ஏன் அதைச் சேர்க்கவில்லை, ஒரே பெயரை இரண்டு வேலைக்கு வைத்தது எப்பேர்ப்பட்ட பொறுப்பின்மை. துக்க வீட்டில், புருஷனைப் புதைத்த மூன்றாம் நாளில், ஒரு பெண்ணுக்கு. நாற்காலி அடுக்கியவர்கள் அடுக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். காப்பியில் ஆடை படர்ந்தது. என் வாய் மூடவில்லை. மூடினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

ஒரு கட்டத்தில் மூச்சு வாங்க நிறுத்தினேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவியளும் இப்படித்தான் சொல்லுவாவ. ஒரு எழுத்து எனக்குப் புரிஞ்சதில்ல" என்றாள். பிறகு, "இன்னுங் கொஞ்சம் சொல்லுங்க அண்ணாச்சி."

சொன்னேன்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை, இந்த வியாதி நமக்கு வராது என்று நிம்மதியாக இருக்கிறீர்களா? கடைசியாகத் துக்கம் கேட்கப் போன வீட்டில் நீங்கள் என்ன பேசினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர், எத்தனை மணிக்கு வண்டி எடுத்தீர்கள், மதுரைக்குக் கல்லுப்பட்டி வழியாகக் கொண்டுபோனீர்களா, விருதுநகர் வழியாகவா என்று கேட்கவில்லை? விருதுநகர் வழி சுற்றாயிற்றே என்று பிணத்தின் தலைமாட்டில் நின்று வாதாடவில்லை?

இதைப் படித்ததும், 'கல்லுப்பட்டி வழிதான் பக்கம்' என்று உங்கள் உதடு லேசாக அசைந்திருந்தால், வாருங்கள், இப்படி உட்காருங்கள். நாம் ஒரே இனம்.