சான்று பெற்ற கெட்ட தாய்

அரசின் நிதியுதவி பெறும் எந்தத் திரைப்படமும் வாழ்க்கைக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்பது மாநிலத் திரைப்பட நிதியத்தின் பதினேழாவது விதி. கொலைகாரர்களைப் பற்றிய படங்களுக்கு அந்த விதியை யாரும் வற்புறுத்தியதில்லை. தாய்மார்களைப் பற்றிய படம் என்றதும் வற்புறுத்தினார்கள்.

படவுலகில் அந்த ஆண்டு குறையுள்ள தாய்மார்களுக்கு நல்ல காலம். அதற்கு முந்தைய ஆண்டு வறட்சிக்கு நல்ல காலமாக இருந்தது. சிட்னியிலிருந்து ஒரு படக்குழு எங்கள் போர்ட் கெலருக்கு வந்து இறங்கியது. ஒருவரையொருவர் சகிக்காத இரண்டு பெண்கள், இருவருமே தாய்மையில் தவறியவர்கள், கடைசியில் ஒருவருக்கொருவர் துணையாகிறார்கள் என்பது கதை. எங்கள் ஊரில் எல்லாக் கட்டடங்களும் ஏற்கெனவே சோகமாக இருப்பதால், கலை இயக்குநர் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று இங்கே வந்ததாகச் சொன்னார்கள்.

விதிப்படி அவர்களுக்கு ‘வாழ்ந்தறிந்த அனுபவ ஆலோசகர்’ ஒருவர் தேவைப்பட்டார். அதாவது, கெட்ட தாயாக இருந்து பழகியவர். நூலகத்தில் விளம்பரம் ஒட்டினார்கள். பதினோரு பேர் வந்தார்கள். அதில் பத்துப் பேர் தங்கள் அம்மாவைச் சிபாரிசு செய்ய வந்தவர்கள். மிச்சம் ஒருத்தி ரேலீன் டக்கெட்.

ரேலீனுக்கு முப்பத்திரண்டு வயது. இறால் தொழிற்சாலையை மூடும்வரை அங்கே தோல் உரித்தவள். போன ஜூலையில் ஒரு சாயங்காலம், தூங்கிக்கொண்டிருந்த மகள் இண்டியை கிளப் வாசலில் காருக்குள் விட்டுவிட்டு, சூதாட்ட இயந்திரத்தின் முன்னால் போய் உட்கார்ந்தாள். பத்தொன்பது நிமிடம். யாரோ போன் செய்தார்கள். அன்றிலிருந்து ஆறு வயது இண்டி ஊரின் மறுகோடியில் ஒரு வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கிறாள். ஒரே வேலையில் ஆறு மாதம் நீடித்து, திருந்தியதும் தெரிந்தால் குழந்தை திரும்பக் கிடைக்கும் என்றது குழந்தைகள் நலத் துறை. ரேலீன் பதினான்கு இடங்களில் வேலை கேட்டிருந்தாள். இது பதினைந்தாவது.

“சான்று இருக்கா?” என்று கேட்டார் படக்குழுவின் மேலாளர்.

“எதுக்கு?”

“நீங்க கெட்ட அம்மாங்கறதுக்கு.”

“ஊர்ல யாரை வேணா கேளுங்க.”

“ஊர் சொன்னா நிதியத்தோட கணக்குத் தணிக்கையில ஒத்துக்க மாட்டாங்க. துறையோட முத்திரை வேணும்.”

ரேலீன் துறைக்குப் போனாள். அவளுடைய கோப்பு ஃபிலிப்பா ஓல்டிங் என்ற அதிகாரியிடம் இருந்தது. ஃபிலிப்பா நேர்மையானவர். மதியச் சாப்பாட்டைக்கூடக் கோப்பின் மேல்தான் வைத்துச் சாப்பிடுவார்.

“வேலை கிடைச்சா இண்டி வருவான்னு நீங்கதானே சொன்னீங்க?”

“ஆமா.”

“வேலை கிடைக்கணும்னா நான் கெட்ட அம்மான்னு நீங்க எழுதித் தரணுமாம்.”

“தாராளமா எழுதித் தர்றேன். ஆனா அது உங்க கோப்புல சேரும். புதுசா அப்படி ஒரு குறிப்பு சேர்ந்தா குழந்தையைத் தர முடியாது.”

“அப்ப எழுத வேண்டாம்.”

“எழுதலைன்னா வேலை இல்ல. வேலை இல்லைன்னா குழந்தையைத் தர முடியாது.”

“நீங்க என்னதான் சொல்றீங்க?”

“ரெண்டு வழியிலயும் உங்களுக்கு முழு ஒத்துழைப்பு தர்றோம்னு சொல்றேன்.”

விவகாரம் தலைநகர் வரை போனது. மூன்று வாரம் கழித்து வழி பிறந்தது. ரேலீன் டக்கெட் ஒரு கெட்ட தாய் என்று துறை முறைப்படி சான்றளித்தது. கீழே சிவப்பு மையில் ஒரு முத்திரை: ‘கலைத் தேவைகளுக்கு மட்டும்’.

கதாநாயகி ஸாஸ்கியா வெய்னுக்குக் குழந்தை கிடையாது. தன் அம்மாவோடு பேசி ஆறு வருடம் ஆகியிருந்தது. பெட்ரோல் பங்க்கில் விற்கும், இறைச்சி அடைத்துச் சுட்ட ‘மீட் பை’யைச் சாப்பிட்டதும் கிடையாது. முதல் நாளே ரேலீன் அதை வாங்கித் தந்தாள். இரண்டாவது வாரம், “உங்கம்மாவுக்கு ஒரு போன் போடுறதுக்கு உனக்கு என்ன கேடு?” என்று திட்டிப் போன் செய்யவும் வைத்தாள். ஸாஸ்கியா அழுதாள், இன்னொரு ‘மீட் பை’ வேண்டும் என்றாள். இதெல்லாம் ஆலோசகரின் பணிகளில் அடங்காது என்று மேலாளர் நினைவூட்டினார்.

வியாழக்கிழமைதோறும் மூன்றரை முதல் நாலரை வரை ரேலீன் மகளைப் பார்க்கலாம், அதிகாரியின் முன்னிலையில். ஸாஸ்கியா ‘ஆதரவு நபர்’ என்று படிவம் நிரப்பி, நோட்டுப் புத்தகத்தோடு அந்த அறையில் இடம்பிடித்தாள். இண்டி உருளைக்கிழங்கு வறுவல் தின்பாள். ரேலீன் அவளுக்குத் தலை பின்னிவிடுவாள். இருவரும் அதிகம் பேசுவதில்லை.

“இவங்களும் ஏம்மா நம்மளப் பார்த்து எழுதுறாங்க?” என்று கேட்டாள் இண்டி.

“எல்லாரும்தான் எழுதுறாங்க. இவ சிரிச்சிக்கிட்டே எழுதுறா. தக்காளி சாஸும் கொஞ்சம் தொட்டுத் தின்னு.”

ஃபிலிப்பா தன் படிவத்தில் எழுதினார்: ‘கண்ணீர்: இல்லை. குற்றவுணர்வு: புலப்படவில்லை.’

படப்பிடிப்பில் ஸாஸ்கியா அதையே அப்படியே நடித்துக் காட்டினாள். தலை பின்னினாள், வறுவல் தந்தாள், பேசாமல் இருந்தாள். இயக்குநர் காட்சியை நிறுத்தினார்.

“எந்த அம்மாவும் இப்படி இருக்க மாட்டா,” என்றார். ஆலோசகர் மூன்றடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

காட்சி திருத்தப்பட்டது. தாய் ஜன்னலருகே போய், கண்ணாடியில் கையை விரித்து வைத்து, “அந்தப் பத்தொம்போது நிமிஷத்துக்குள்ளயே நான் இன்னும் உட்கார்ந்திருக்கேன்,” என்று சொல்லி அழுதாள். விளக்குப் பிடித்தவர்கூட அழுதார். வாழ்க்கைக்கு மிகவும் உண்மையாக இருந்ததாக நிதியத்தின் பார்வையாளர் எழுதிக்கொடுத்தார்.

ஆறு மாதம் முடிந்தது. வேலை என்ற நிபந்தனை நிறைவேறிவிட்டது. திருந்தியது தெரியவில்லை என்றார் ஃபிலிப்பா. அடுத்த வியாழன் மேலதிகாரியோடு கடைசி விசாரணை. அதில் தேறாவிட்டால் இண்டி பதினெட்டு வயதுவரை அந்த வளர்ப்பு வீட்டிலேயே இருப்பாள்.

ஊருக்குக் கிளம்பும் முன்னால் ஸாஸ்கியா ரேலீனின் அடுக்களைக்கு வந்தாள்.

“அங்க போய் என்ன சொல்லப் போறே?”

“செஞ்சேன், தப்பு, இனி செய்ய மாட்டேன்னு.”

“நாசமாப் போச்சு. நீ நீயா இருக்காதே. என்னைப் போல நடி.”

“நீ என்னைப் போலத்தானடி நடிச்சே?”

“உன்னைப் போல நடிச்சப்ப ஒருத்தரும் நம்பலையே.”

ரேலீன் யோசித்தாள். அதில் பிழை எதுவும் தெரியவில்லை. அடுப்பில் தேநீர்த் தண்ணீர் கொதித்து வற்றும்வரை இருவரும் ஒத்திகை பார்த்தார்கள். முதல் கேள்விக்கு அழக் கூடாது. இரண்டாவதற்கு அழ வேண்டும். அழுவதற்கு முன்னால் ஒருமுறை மூச்சை வெளியே விட வேண்டும். ஜன்னல், கண்ணாடி, விரித்த கை.

“அந்த வசனம் படத்துல வருதே?”

“படம் இன்னும் வெளிவரலையே. அதுக்குள்ள சொல்லிடு.”

விசாரணை மாலை நாலரைக்குத் தொடங்கியது. ஸாஸ்கியா சொல்லிக்கொடுத்தபடியே ரேலீன் செய்தாள். பத்தொன்பது நிமிட வசனத்தில் மேலதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூன்றாவது கேள்வி ஒத்திகையில் இல்லாத கேள்வி: “அவ எழுந்தப்ப உங்களைத் தேடியிருப்பாளே?” ரேலீனுக்கு நிஜமாகவே அழுகை வந்தது. அழகாக வரவில்லை. மூக்கு ஒழுகியது, பேச்சு நின்றது. அந்த இடம் மட்டும் கொஞ்சம் மிகை என்று மேலதிகாரி குறித்துக்கொண்டார். மொத்தத்தில், தாய் தன் இயல்பான நிலைக்கு வந்துவிட்டதாக அறிக்கை முடிந்தது. நாளைக்கே இண்டியை அழைத்துப் போகலாம்.

மேலதிகாரி போன பிறகு ஒன்பது படிவங்கள் மிச்சம் இருந்தன. ஏழாவதில் ரேலீன் கையெழுத்துப் போடும்போது ஃபிலிப்பாவின் போன் அடித்தது. அவருடைய மகன் பள்ளி முடிந்ததும் தங்கியிருக்கும் காப்பகம். ஒலிபெருக்கியில் கேட்டது.

“ஃபிலிப்பா, ஓட்டோ இன்னும் இங்கதான் இருக்கான். மூடி இருபத்து மூணு நிமிஷம் ஆச்சு.”

“வேலை இருந்தது. இதோ வர்றேன்.”

“இந்த மாசம் இது மூணாவது தடவை. விதிப்படி துறைக்குத் தெரிவிக்கணும்.”

“அந்தத் துறையே நான்தான்.”

“அப்ப கடிதத்தை உங்க பேருக்கே போட்டுடறோம்.”

போன் நின்றது. ஃபிலிப்பா மேசையைப் பார்த்தார். இருபத்து மூன்றிலிருந்து பத்தொன்பதைக் கழிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“லேட்டாயிடுச்சு, தப்புதான்னு சொல்லிட்டாப் போதுமில்ல?” என்றார் மெல்ல.

ரேலீன் பேனாவை மூடிவைத்தாள். “அப்படி மட்டும் சொல்லிடாதீங்க. குற்றவுணர்வு புலப்படலைன்னு எழுதிடுவாங்க. முதல் கேள்விக்கு அழாதீங்க. ரெண்டாவதுக்கு மூச்சை விட்டுட்டு, ஜன்னல்கிட்ட போய் கண்ணாடியில கையை வைங்க.”

ஃபிலிப்பா ஒரு புதுத் தாளை எடுத்தார்.

“எந்தக் கை?” என்று கேட்டார்.