சம்பந்தி அம்மாவைக் கண்டும் நான் எழுந்து நிற்காததன் காரணம்

பிரிக்பீல்ட்ஸ்,
கோலாலம்பூர்.
19 நவம்பர் 1984, திங்கட்கிழமை.

சுங்க இலாகாவில் முப்பது ஆண்டு பணியாற்றி, ஒரு குற்றச்சாட்டும் இல்லாமல் ஓய்வு பெற்று, கிள்ளானில் குடும்பத்தோடு சுகமாக இருக்கும் மதிப்பிற்குரிய சம்பந்தி திரு. மு. வே. சண்முகரத்தினம் அவர்களுக்கு, சி. க. பாலசுந்தரம் பணிவோடு எழுதிக்கொண்டது.

சம்பந்தி என்று எழுதலாமா கூடாதா என்று பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எழுதிவிட்டேன். அந்தச் சொல்லை அடிப்பதானால் நீங்களே அடித்துக்கொள்ளுங்கள், என் கையால் ஆகாது. இங்கு நாங்கள் நலம் என்று எழுதுவது வழக்கம், ஆனால் நலமில்லை. நேற்று மாலை தொலைபேசியில் நீங்கள் "யோசிச்சு சொல்றோம்" என்று இரண்டே சொல் சொல்லிவிட்டு வைத்ததிலிருந்து என் மகள் சந்திரகலா என்னோடு நேராகப் பேசுவதில்லை. "அம்மா, சோறு போட்டாச்சுன்னு அப்பாகிட்ட சொல்லுங்க" என்று நான் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே சொல்கிறாள். அவளுக்கு உங்கள் மகனை மிகவும் பிடித்திருக்கிறது. அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி நடக்க வேண்டிய நிச்சயதார்த்தம் என்னால் நின்றுபோனால் இந்த வீட்டில் எனக்கு இனிமேல் தூது வழியாகத்தான் சோறு. உங்கள் மூக்குக் கண்ணாடி தொலைந்து இரண்டு வாரம் ஆகிறது என்றும், நாளிதழைக் கூட உங்கள் மனைவி இராசேஸ்வரி அம்மாதான் வாசித்துக் காட்டுகிறார்கள் என்றும் என் மனைவி குணேஸ்வரி சொன்னாள். செவ்வாய்க்கிழமை தவறாமல் பஸ் ஏறிக் கோலாலம்பூர்க் கண் டாக்டரிடம் வந்துபோகிற உங்களுக்கா இப்படி என்று வருத்தப்பட்டேன். ஆகவே இந்தக் கடிதத்தையும் அம்மாவே வாசிப்பார்கள் என்று எண்ணி, எழுத்தைப் பெரிதாகவும் மரியாதையைக் குறைக்காமலும் எழுதுகிறேன்.

நடந்ததற்கு முழுப் பொறுப்பும் என்னுடையது. இருந்தாலும் ஆரம்பித்து வைத்தது நீங்கள் என்பதை நினைவூட்ட அனுமதிக்க வேண்டும். எங்கள் தெருவில் முத்து முகம்மது சாரோங் வியாபாரம் செய்த கடையை அவர் மகன் கௌஸ் இந்த ஆண்டு வீடியோ கேம் கடையாக மாற்றியதும், குடியிருப்பாளர் சங்கம் கூடி, அந்தக் கடையை மூடச் சொல்லி மாநகராட்சிக்கு மனு கொடுப்பதென்று தீர்மானித்ததும், செயலாளர் என்ற முறையில் நான் அந்த மனுவை எழுதி, யோசனை கேட்டு உங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து காட்டியதும் உங்களுக்குத் தெரியும். செப்டம்பர் மாதம். அம்மா மோதகம் கொடுத்தார்கள். நீங்கள் மனுவை இரண்டு முறை வாசித்துவிட்டு மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்து, "உள்ள பிரிச்சு பாக்காம நான் ஒரு மூட்டையையும் பிடிச்சதில்ல மிஸ்டர் பாலா. நீங்க நேர்ல போய் பாருங்க. நிதானமா நோட்ஸ் எடுங்க. அவசரமே இல்ல" என்றீர்கள். சுங்க அதிகாரி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் அப்படியே செய்தேன்.

அக்டோபர் முதல் வாரம், முழுக்கைச் சட்டை, கழுத்துப்பட்டி, நோட்டுப் புத்தகம், பேனா சகிதம் போனேன். என்னைக் கண்டதும் உள்ளே இருந்தவர்களில் பாதிப் பேர் வருமானவரி இலாகா என்று நினைத்து வெளியேறினார்கள். கௌஸ் மட்டும் சிரித்துக்கொண்டே ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். எதிரில் ஒரு மேசை. மேலே கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே தொலைக்காட்சி, இந்தப் பக்கம் ஒரு கைப்பிடி, எதிர்ப் பக்கம் ஒரு கைப்பிடி. கரிய வானத்தில் வண்டுகள் மாதிரி வரிசை வரிசையாகப் பறந்து வந்தன. கீழே தனியாக ஒரு சின்னக் கப்பல். நான் நோட்டில் "ஒலி அதிகம், ஒளி அதிகம்" என்று எழுதிக்கொண்டிருந்தபோது கௌஸ், "அங்கிள், சும்மா பாத்தா என்னா தெரியும். ஒரு கேம் ஆடிப் பாருங்க லா. ரிப்போர்ட் நல்லா வரும்" என்றார். ரிப்போர்ட் என்ற சொல்லுக்கு நான் மதிப்புக் கொடுப்பவன். உட்கார்ந்தேன். கைப்பிடியை எந்தப் பக்கம் தள்ளுவது என்று கேட்டு முடிப்பதற்குள் ஓர் ஆட்டத்துக்குத் தருகிற மூன்று கப்பலும் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்துவிட்டன. எட்டு விநாடி இருக்கும். ரயில்வேயில் முப்பத்து மூன்று ஆண்டு கால அட்டவணைப் பிரிவில் இருந்தவன், ஒரு பெட்டியைக் கூடத் தடம்புரள விடாதவன், எட்டு விநாடியில் மூன்று கப்பலைப் பறிகொடுத்தால் எப்படி எழுந்து வீட்டுக்குப் போக முடியும், நீங்களே சொல்லுங்கள். திரும்ப ஆடினேன். திரும்பவும் போயிற்று. நாலாவது தடவை தோற்றபோதுதான் எனக்கு ஒன்று பட்டது. இந்த வண்டுகள் கண்டபடி வரவில்லை. நேரப்படி வருகின்றன. முதற்படை இடமிருந்து நான்கு, பிறகு சிறு நிறுத்தம், பிறகு வலமிருந்து நான்கு. ஒவ்வொரு முறையும் அதே வரிசை, அதே இடைவெளி. தாமதம் என்பதே கிடையாது. இப்படி ஒரு போக்குவரத்தை என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாளிலிருந்து நோட்டில் கோடு போட்டு, படை எண், வரும் திசை, நிறுத்தம், போகும் நேரம் என்று முறையாகக் கால அட்டவணை தயாரிக்கத் தொடங்கினேன். இரண்டு வாரத்தில் பன்னிரண்டாம் படை வரை வந்தேன். அன்றைக்கு இயந்திரம் திடீரென்று வாத்தியம் வாசித்து, சிறந்த ஐந்து பேரில் நீங்களும் ஒருவர் என்று அறிவித்து, மூன்று ஆங்கில எழுத்தில் சுருக்கொப்பம் வைக்கச் சொல்லியது. மற்றவர்கள் ஏஏஏ என்றும் தோன்றிய எழுத்தையும் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். எனக்கு அது வராது. ஒரு பதிவேடு ஒப்பம் கேட்டால் நம்மவர்கள் பொய் எழுதுவோமா? எஸ்.கே.பி. என்று வைத்தேன். பணி ஓய்வு பெற்ற இந்த இரண்டு ஆண்டில் என் சுருக்கொப்பத்தை யாரும் கேட்டதில்லை சம்பந்தி. முன்பெல்லாம் ஒரு நாளைக்கு இருநூறு தாளில் வைப்பேன். வீட்டில் பால்காரரின் சீட்டில் கூட குணேஸ்வரிதான் வைக்கிறாள். அந்த மேசை கேட்டது. நான் வைத்தேன். அது நாற்காலியோடு என்னைத் தூக்கிவிட்டாற்போல இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நான் சிரித்துக்கொண்டே போனதாகக் கௌஸ் பிறகு சொன்னார்.

கௌஸ் அந்த மேசையின் மின்சாரத்தை அணைப்பதே இல்லை. ஒரு தடவை அணைத்ததில் மறுபடி உயிர் வர ஒன்பது நாள் ஆயிற்றாம். ஆகவே பட்டியல் அழியாமல் நிற்கும். அதில்தான் எனக்கு வினை. எனக்கு மேலே முதலிடத்தில் இன்னொருவர் முறையாக மூன்றெழுத்து ஒப்பம் வைத்திருந்தார். யார் என்று தெரியாது. நான் தினமும் போவேன், செவ்வாய்க்கிழமை மட்டும் போவதில்லை, அன்று சங்க நூலகத்தில் என் முறை. திங்கட்கிழமை அவரை முந்தி மேலே ஏறிவிட்டு நிம்மதியாகத் தூங்குவேன். புதன்கிழமை போய்ப் பார்த்தால் அவர் மறுபடி எனக்கு மேலே உட்கார்ந்திருப்பார். அவருடைய எழுத்துகளை இங்கே குறிப்பிடவில்லை. ஒருவருடைய ஒப்பத்தைப் பற்றி அவர் இல்லாத இடத்தில் பேசுவது அலுவலக ஒழுங்கல்ல. ஆனால் அவருக்காகத்தான் நான் ஆறு வாரம் ஆய்வு செய்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சங்கத்தில் அறிக்கை எங்கே என்று கேட்டார்கள். ஆய்வு நடக்கிறது என்றேன். அது பொய்யில்லை.

இனி சனிக்கிழமைக்கு வருகிறேன். நிச்சயதார்த்தச் சேலை எடுக்க இராசேஸ்வரி அம்மாவும் குணேஸ்வரியும் போனார்கள். மழை பிடித்துக்கொண்டது. கடைவரிசை அஞ்சடி நடைபாதையில் இருவரும் ஒதுங்கினார்கள். ஒதுங்கிய இடம் கௌஸ் கடை வாசல். உள்ளே நான் பதினேழாம் படையில் இருந்தேன். அதுவரை அந்த மேசையில் யாரும் பதினேழை முடித்ததில்லை. கடையில் இருந்த அத்தனை பேரும் என் நாற்காலியைச் சுற்றி நின்றார்கள். தபால்கார நாகையா தபால் பையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து, "இஞ்சாருங்கோ, இது நீங்களா?" என்று ஒரு குரல். குணேஸ்வரி. நான் திரும்பவில்லை. "இரும்மா, பதினேழாம் நம்பர் வண்டி உள்ள வருது" என்றேன். "சம்பந்தி அம்மா வந்திருக்காங்க" என்றாள். காதில் விழுந்தது. எழுந்து நிற்க வேண்டும், கை கூப்ப வேண்டும் என்று உடம்புக்குத் தெரிந்தது. ஆனால் கடைசிக் கப்பல், சம்பந்தி. கையை எடுத்தால் ஆறு வாரம் போய்விடும். பெண்ணைக் கொடுக்கப் போகிற வீட்டு அம்மாவைக் கண்டும் எழுந்து நிற்காத முதல் மனிதன் எங்கள் குடும்பத்தில் நான்தான். அதோடு நிறுத்தியிருந்தாலும் மன்னிப்புக்கு இடமிருந்திருக்கும். பதினேழில் எந்தத் திசை என்று எனக்கு மறந்துவிட்டது. நோட்டு மேசை விளிம்பில் இருந்தது. "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்த நோட்டுல கடைசிப் பக்கத்த கொஞ்சம் வாசிங்க" என்றேன்.

அவர்கள் வாசித்தார்கள். இதைச் சொல்லியே ஆக வேண்டும். முப்பது ஆண்டு பள்ளிக்கூடத்தில் சொல்வதெழுதுதல் கொடுத்த குரல். "இடது ரெண்டு. நிறுத்தம். வலது மூணு" என்று தெளிவாக வந்தது. கௌஸ், "ஆன்டி, இன்னும் கொஞ்சம் சத்தமா லா, அங்கிளுக்கு மழையில கேக்கல" என்றார். சத்தமாகவும் வாசித்தார்கள். நான்கு வரி வாசித்தபின்தான் தாம் எங்கே நிற்கிறோம் என்பது அவர்களுக்கு நினைவு வந்தது. நோட்டை மூடி வைத்துவிட்டு, குடையும் இல்லாமல் மழையில் இறங்கி டாக்சி பிடித்துப் போய்விட்டார்கள். சேலை எடுக்கவில்லை. பதினேழாம் படை முடிந்தது, கடை முழுக்கக் கை தட்டினார்கள், நான் திரும்பிப் பார்த்தேன், வாசலில் குணேஸ்வரி மட்டும் நின்றாள். அவள் முகத்தைப் பற்றி எழுதி உங்களைக் கஷ்டப்படுத்த மாட்டேன்.

ஆகவே இராசேஸ்வரி அம்மா இதை வாசிக்கும்போது, தயவுசெய்து இந்த வரியில் சற்று நிறுத்தி, நான் எழுந்து நின்று கை கூப்பியிருப்பதாக எண்ணிக்கொள்ள வேண்டும். உண்மையிலேயே நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். இனிமேல் அந்தக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன். மனுவில் இன்று மாலையே ஒப்பமிட்டு மாநகராட்சிக்கு அனுப்பிவிடுகிறேன். அந்த நோட்டுப் புத்தகத்தை இத்துடன் உங்கள் கையிலேயே ஒப்படைக்கிறேன், நீங்கள் கொளுத்தினாலும் சரி. பெரியவன் செய்த பிழைக்குப் பிள்ளைகளைத் தண்டித்துவிடாதீர்கள். கந்தசுவாமி கோயிலில் வரும் வெள்ளிக்கிழமை உங்கள் மகன் பெயருக்கும் சந்திரகலா பெயருக்கும் ஒரே தட்டில் அர்ச்சனை சொல்லியிருக்கிறேன். இரண்டு வீட்டுக்கும் முருகன் துணையிருக்கட்டும். அம்மாவுக்கு என் வணக்கமும், உங்கள் மகனுக்கு என் ஆசியும், உங்கள் கண்ணுக்கு விரைவில் குணமும்.

இப்படிக்கு,
நின்றபடி,
சி. க. பாலசுந்தரம்

பின்குறிப்பு (தனித் தாளில், தங்கள் பார்வைக்கு மட்டும்)

கடிதத்தை ஒட்டப்போன நேரத்தில் கௌஸ் வீட்டுக்கு வந்தார். கையில் பழுப்பு நிறத் தோல் கூடு, உள்ளே மூக்குக் கண்ணாடி. "அங்கிள், செவ்வாய்க்கிழமை அங்கிள் விட்டுட்டுப் போயிட்டாரு. ரெண்டு வாரமா மேசைக்கு அடியிலயே கிடந்திருக்கு, இன்னைக்குப் பெருக்கும்போதுதான் கண்ணுல பட்டுச்சு. போன தடவ கண்ணாடி இல்லாமலே ஆடுனாரு, அதான் உங்கள முந்த முடியல. நீங்க செக்ரட்டரி, உங்ககிட்ட எல்லார் அட்ரசும் இருக்கும் லா" என்றார். கூட்டின் உள்பக்கம் ஒட்டியிருந்த சீட்டில் பெயரும் கிள்ளான் விலாசமும் அழகான கையெழுத்தில் இருந்தன. ஆறு வாரமாக நான் தினமும் பார்த்த அந்த முதலிடத்து எழுத்துகள் எம்.வி.எஸ். என்பதை இப்போது சொல்வதில் ஒழுங்குமீறல் இல்லை என்று நினைக்கிறேன், ஏனென்றால் சம்பந்தப்பட்டவரிடமே சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை அங்கிள் ஆகஸ்ட் மாதத்திலிருந்தே வருகிறாராம், வெள்ளைக் கைக்குட்டையில் ஓடிகோலோன் தெளித்துக் கைப்பிடியைத் துடைத்துவிட்டுத்தான் உட்காருவாராம். ஆகஸ்ட். செப்டம்பரில் என் மனுவை மடித்துக் கொடுத்து, அவசரமே இல்லை என்று நீங்கள் சொன்னது இப்போது எனக்கு நன்றாக விளங்குகிறது.

இது மிரட்டல் அல்ல. மகிழ்ச்சியில் எழுதுகிறேன். இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே பதிவேட்டில் உண்மை ஒப்பம் வைக்கத் தெரிந்த இன்னொரு மனிதர் இருக்கிறார், அவர் வீட்டுக்குத்தான் என் பெண் போகிறாள் என்றால் எனக்கு வேறென்ன வேண்டும். இந்தத் தாளை மடித்துக் கூட்டுக்குள் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். கூட்டைக் கௌஸ் நேரில் கொண்டுவந்து உங்கள் கையில் மட்டும் கொடுத்து, தனியாக இருக்கும்போது திறக்கச் சொல்வார். அம்மாவுக்குக் கண்ணாடி கண் டாக்டர் வீட்டில் கிடைத்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். நோட்டுப் புத்தகத்தை அனுப்பவில்லை, மன்னிக்கவும். மனுவையும் அனுப்பவில்லை. மேலும் ஆய்வு தேவை, ஆய்வுக் குழுவில் இருவர் என்று கோப்பில் எழுதி வைத்துவிட்டேன். பதினாறாம் படையில் வலப்பக்கம் எனக்குக் கை ஓடவில்லை, அங்கே உங்களுக்கு நன்றாக வருகிறது என்று கௌஸ் சொல்கிறார். வருகிற 27ஆம் தேதி செவ்வாய்க்கிழமை நூலகத்தில் எனக்குப் பதிலாக வேறொருவரைப் போட்டிருக்கிறேன். நிச்சயதார்த்த மண்டபம் பார்க்கப் போகிறோம் என்று இரண்டு வீட்டிலும் சொல்லிவிடலாம். காலை பத்து மணி. எதிர்ப் பக்கக் கைப்பிடிக்கு நேரே ஒரு நாற்காலியைத் துடைத்துப் போடச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் வரும்போது நான் எழுந்து நிற்பேன், ஆட்டத்தின் நடுவில் இல்லாவிட்டால்.

எஸ்.கே.பி.