ஆச்சிப்பிள்ளையின் மணை

மட்டக்களப்பு,
1966 மார்ச் 12, சனிக்கிழமை.

கானா தேசத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்து நம் குடும்பத்தின் பெயரைக் கடல் தாண்டிக் கொண்டுபோன மருமகன் சில்வெஸ்டருக்கு, தாய்மாமன் பஸ்தியாம்பிள்ளை எழுதுவது. கர்த்தர் கிருபையால் எல்லோரும் சுகம், என் முழங்கால் நீங்கலாக.

உன் கடிதம் இன்று காலை பத்து மணிக்குத்தான் கிடைத்தது. நீ லீவில் கொண்டுவந்து எங்களிடம் வைத்த மர மணை திருட்டுச் சாமான் என்றும், அது தன் தாயின் மணை என்று ஒரு கிழவி உன் பள்ளிக்கூட வாசலில் அழுதாள் என்றும், திருப்பித் தருவதாக நீ வாக்குக் கொடுத்துவிட்டாய் என்றும், இன்று பின்னேர ரயிலில் கொழும்பு போய் நாளைக்குக் கானாவுக்குக் கப்பலேறும் தோமஸ் மாஸ்டரிடம் அதைக் கொடுத்துவிடும்படியும் எழுதியிருந்தாய். கட்டிலுக்குக் கீழே பார்த்தேன், மணை இல்லை; வீடு முழுக்கத் தேடி மத்தியானமும் தாண்டிவிட்டது. உன் மாமி செசீலியாவோ பனிச்சங்கேணியில் தங்கச்சி வீட்டில். அடுத்த வீட்டு இமெல்டாதான் சொன்னாள், ஆரையம்பதிக் கலியாண வீட்டுக்காரர் துருவலை, பலகை எல்லாம் இரவல் வாங்கிப் போனார்களாம்.

நாலு மைலையும் நாலே நிமிடத்தில் சைக்கிள் மிதித்துப் போனால், பெண்ணின் பெரியம்மா ஆச்சிப்பிள்ளை நம் கரிய மணையில் துருவலை அலகை அறைந்து, அதன் மேலிருந்து தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறாள்!

"ஒழும்புங்க அக்கா, அது ஆபிரிக்கா."

"என்ன விசரா? இது என்ட அம்மாட மணை. இன்னும் நூறு தேங்காய் கிடக்கு, நீங்களும் ரெண்ட உடைங்க."

மொம்பாசாத் துறைமுகத்தை மூன்று நாள் கப்பலில் நின்றபடியே பார்த்தவனுக்கா ஆபிரிக்க மரம் தெரியாது? முகர்ந்தேன். தேங்காய்ப்பூ வாசத்துக்குள்ளும் யானை மணத்தது. மணிக்கூடு மூன்று. கானாக் கிழவியின் கதையைச் சொன்னேன். ஆச்சிப்பிள்ளையின் கை நின்றது.

"பத்து வீட்டுச் சாமான் வந்து கிடக்கு, மாறிப் போச்சோ தெரியா. மாதா மேல சத்தியமா அவடதானா?"

"சத்தியம்."

எழும்பி, சேலைத் தலைப்பால் மணையைத் துடைத்துத் தந்தாள். அலகைக் கழற்றி அவள் கையில் வைத்தேன். கானாவில் ஒருவரும் உட்காராத நேரம், வேறு ஆவி வந்து குந்திவிடாமல் மணையைச் சாய்த்து வைப்பார்கள் என்று நீ சொன்னதையும் சொன்னேன். திரும்ப மிதித்து ஸ்டேஷனுக்கு வந்தால் ரயில் புறப்பட்டு ஓட, நானும் ஓடி, ஜன்னலால் தோமஸ் மாஸ்டரின் மடியில் போட்டேன்.

ஆகவே மருமகன், கலைப்பொருள் சேர்க்கிற உனக்கு என் புத்தி: வடிவா என்று பார்க்குமுன் ஆருடையது என்று கேள். விற்கிறவனின் வாயை நம்பாமல் அயலில் விசாரி. செய்தவன் இருந்தால் அவன் கையாலேயே வாங்கு. சந்தேகம் வந்தால் எனக்கு எழுது, நான் பிழைவிட்டதே இல்லை.

மாதா உன்னைச் சூரியன் சுடாமலும் நுளம்பு கடிக்காமலும் காப்பாளாக.

அன்பு மாமன்,
பஸ்தியாம்பிள்ளை

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுமுன் மாமி பஸ்ஸால் இறங்கினாள், பைக்குள் உன் மணையோடு. "உங்கள நம்பி வச்சிற்றுப் போக ஏலுமா?" என்கிறாள். பின்னாலேயே ஆச்சிப்பிள்ளை வந்தாள், கையில் அலகு. இரவல் சாமான் எல்லாம் சரியாம், அவளுடையது மட்டும் இல்லையாம். கப்பலுக்கு முன் இந்தக் கடிதம் விமானத்தில் வரும்; தோமஸ் தருவதைக் கிழவியிடம் கொடுத்துவிடாதே, உடனே திருப்பி அனுப்பு. உன் மணையை ஆச்சிப்பிள்ளை தூக்கிக்கொண்டு போய்விட்டாள். போகும்போது சொன்னது: "என்ட அம்மாட மணை வந்தாத்தான் இது போகும். அந்த மனிசிக்கு எழுதுங்க, நான் சாய்ச்சுத்தான் வைப்பன், ஒருத்தரையும் இருக்க விடமாட்டன். அவவும் என்டதப் பத்திரமாப் பாக்கட்டும்."